11 மணி லைட், மெஸ் பில், பக்கத்துக் கட்டில்: ஹாஸ்டல்ல முதல் ரெண்டு மாசம்

(ஒலி வடிவத்திலிருந்து சுருக்கித் திருத்தப்பட்டது)

கவுன்சலிங் முடிஞ்சு, காலேஜ் திறந்து, புது பக்கெட், புது தலையணையோட ஹாஸ்டல்ல வந்து இறங்கியிருக்கிற எல்லாருக்கும் இந்த எபிசோட். இன்பாக்ஸ் முழுக்க ஒரே கேள்விதான்: "அக்கா, ஹாஸ்டல் எனக்கு செட்டே ஆகல. என்ன பண்றது?"

நான் நாலு வருஷம் இன்ஜினியரிங் காலேஜ் லேடீஸ் ஹாஸ்டல்ல இருந்தவ. நாலு வருஷமும் நாலு பேர் ரூம். அதுல பார்த்ததை வச்சு ஒரே ஒரு விஷயத்தைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன். ஹாஸ்டல் வாழ்க்கை கெட்டுப்போறது பெரும்பாலும் பெரிய பிரச்சினையால இல்ல. சின்ன விஷயத்தை ஆரம்பத்திலேயே வாய்விட்டுப் பேசாததாலதான்.

ரூம்ல முதல் பேச்சு

ரூமை யோசிச்சுப் பாருங்க. நாலு இரும்புக் கட்டில், நாலு அலமாரி, ரெண்டு ஃபேன், ஒரே ஒரு ட்யூப்லைட். இதுல யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கல. லிஸ்ட்ல பேர் வந்த வரிசைல போட்டுட்டாங்க. ஒருத்திக்கு ராத்திரி 2 மணி வரை படிச்சாதான் மண்டைல ஏறும். இன்னொருத்தி 5 மணிக்கு அலாரம் வச்சுட்டு, அது ஆறு தடவை அடிச்ச பிறகும் எழுந்திருக்க மாட்டா. மூணாவது ஆள் வீட்டுக்கு ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசும். நாலாவது ஆளோட ஷாம்பூவை எல்லாரும் எடுப்பாங்க.

இதெல்லாம் முதல் வாரத்துல சின்னதா தெரியும். "போகட்டும், எதுக்குப் பேசி கெட்ட பேரு"ன்னு விட்டுடுவோம். எங்க பக்கத்து ரூம்ல ரெண்டு பேர் அப்படி விட்டுட்டாங்க. ரெண்டாவது செமஸ்டர்ல ஃபேன் ஸ்பீடுக்காக ஒரு சண்டை. மூணுல வைக்கவா, அஞ்சுல வைக்கவான்னு ஆரம்பிச்சு, வார்டன் முன்னாடி ரூம் மாத்தச் சொல்லி லெட்டரோட நின்னாங்க. வார்டன் மேம் உட்கார வச்சுப் பொறுமையா கேட்டப்போதான் விஷயம் வெளிய வந்துச்சு. ராத்திரி 12 மணிக்கு வர்ற போன் காலால ஒருத்திக்கு அஞ்சு மாசமா தூக்கமே இல்ல. அஞ்சு மாசத்துல ஒரு தடவைகூட அவ அதைச் சொன்னதே கிடையாது. அந்த ரெண்டு பேரும் அப்புறம் பேசிக்கவே இல்ல.

அதனால முதல் ரெண்டு வாரத்துக்குள்ள, ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம், நாலு பேரும் உட்கார்ந்து நாலு விஷயம் பேசிடுங்க. பெரிய லைட் எத்தனை மணிக்கு ஆஃப்? போன் எங்க போய்ப் பேசணும்? யாரோட பொருளை கேட்காம எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது? வெளி ரூம் ஆட்கள் வந்தா எவ்வளவு நேரம் இருக்கலாம்? பதினஞ்சு நிமிஷம் போதும்.

எப்படிப் பேசறோம்கிறதுலயும் விஷயம் இருக்கு. "நீ ஏன் எப்பப் பார்த்தாலும் லைட்டைப் போட்டே வச்சிருக்க"ன்னு ஆரம்பிச்சா அது சண்டை. "வெளிச்சம் இருந்தா எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது, 11 மணிக்கு மேல டேபிள் லாம்ப் வச்சுக்கலாமா"ன்னு கேட்டா அது பேச்சு. ரெண்டாவது மாதிரி கேட்டு, முடியாதுன்னு சொன்னவங்களை நான் ரொம்பக் கம்மியாதான் பார்த்திருக்கேன்.

மெஸ் பில் எப்படி வருது?

அடுத்தது மெஸ். சாம்பார் தண்ணியா இருக்கு, சப்பாத்தி அப்பளம் மாதிரி இருக்குன்னு எல்லாரும் பேசுவோம். ஆனா பில் எப்படிப் போடறாங்கன்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது.

தமிழ்நாட்டுல பல காலேஜ் ஹாஸ்டல்கள்ல இருக்கிறது டிவைடிங் சிஸ்டம். ஒரு மாசத்துல மெஸ்ஸுக்கு ஆன மொத்தச் செலவை, எல்லா மாணவர்களோட மெஸ் நாட்களையும் கூட்டி வர்ற எண்ணிக்கையால வகுப்பாங்க. ஒரு கணக்குக்கு, செலவு 9,00,000 ரூபாய், 300 பேரோட மொத்த மெஸ் நாட்கள் 7,500-ன்னு வச்சுக்குவோம். அப்போ ஒரு நாளைக்கு 120 ரூபாய். உங்க கணக்குல 25 நாள் இருந்தா 3,000 ரூபாய் பில். இங்க கவனிக்க வேண்டியது, கணக்கு நாள் கணக்கு. ஒரு வேளை சாப்பிடாம விட்டா பில் குறையாது. ஊருக்குப் போறீங்கன்னா முன்கூட்டியே லெட்டர் கொடுத்தாதான் அந்த நாட்களைக் கழிப்பாங்க. குறைஞ்சபட்சம் இத்தனை நாள் தொடர்ந்து இல்லாம இருக்கணும்னும் விதி இருக்கும். அது ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல் மாறும். உங்க மெஸ் ரெப்பைக் கேளுங்க.

இதை ஏன் இவ்வளவு விவரமா சொல்றேன்னா, முதல் வருஷம் எங்க ரூம்ல செய்யாறு பக்கத்துக் கிராமத்துல இருந்து ஒரு பொண்ணு வந்திருந்தா. அவங்க குடும்பத்துல காலேஜ் வந்த முதல் ஆள். ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா "பசிக்கல, நீங்க போங்க"ன்னு சொல்லுவா. வீட்டு நினைப்புன்னுதான் மொத்த ரூமும் நினைச்சுச்சு. மூணாவது வாரம் லேப்ல மயங்கி விழுந்துட்டா. அன்னைக்கு ராத்திரி எங்க ரூமோட நாலாவது ஆள், அதான் எல்லாரும் ஷாம்பூ எடுப்போமே, அவதான் கதவைச் சாத்திட்டு நேரா கேட்டா: "என்னடி, நிஜமா பசிக்கலையா, இல்ல வேற ஏதாவதா?" அப்பதான் அவ சொன்னா. சாப்பிடற ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனியா காசுன்னு நினைச்சிருக்கா. ராத்திரிச் சாப்பாட்டை விட்டா அப்பாவுக்கு மாசம் கொஞ்சம் பாரம் குறையும்னு கணக்குப் போட்டிருக்கா.

மூணு வாரம் ராத்திரிப் பட்டினி. அதுல ஒரு ரூபாகூட மிச்சம் ஆகல. அவகிட்ட யாரும் அந்தக் கணக்கைச் சொல்லல. அவளுக்குக் கேட்கவும் கூச்சம்.

மறுநாள் மெஸ் ரெப் அக்கா அவளைக் கூட்டிட்டுப் போய் நோட்டையே காட்டி விளக்கினாங்க. என்னென்ன ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம், ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறவங்களுக்குப் பராமரிப்புத் தொகை எதுல வரும்னு எழுதியும் கொடுத்தாங்க. இப்போ படிக்கிறவங்களுக்கு இன்னும் வழி இருக்கு. அரசுப் பள்ளியில 6 முதல் 12 வரை படிச்ச பெண்களுக்கு 2022-ல ஆரம்பிச்ச புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய். பையன்களுக்கு 2024-ல வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்துலயும் அதே தொகை. காலேஜ் ஆபீஸ்ல விசாரிங்க. கேட்கிறது கேவலம் கிடையாது.

உங்க ரூம்ல யாராவது தொடர்ந்து "பசிக்கல"ன்னு சொன்னா, மூணு வாரம் காத்திருக்காதீங்க.

சீனியர்கள்

சீனியர்னாலே பயம் வேண்டாம். பழைய கொஸ்டின் பேப்பர், லேப் ரெக்கார்டு, எந்த வாத்தியார் இன்டர்னல் மார்க்கை எப்படிப் போடுவார் என்கிற ரகசியம் எல்லாம் அவங்ககிட்டதான் இருக்கு. ரெண்டு மாடி ஏறிப் போய் "அக்கா, ஒரு டவுட்"னு கேட்டா போதும். பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி பத்துப் பேர் வராண்டாவுல உட்கார்ந்து, புரிஞ்ச ஒருத்தி மத்தவங்களுக்குச் சொல்லித் தர்ற அந்த ரெண்டு மணி நேரத்துக்கு ஈடா எந்த டியூஷனும் இல்ல.

ஆனா மிரட்டல், அவமானப்படுத்தறது, வேலை வாங்கறது, காசு கேட்கறது எல்லாம் ராகிங். "இதெல்லாம் சகஜம், நாங்களும் பட்டோம்"னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. தமிழ்நாட்டுல 1997-லேயே ராகிங் தடைச் சட்டம் வந்தாச்சு. 2 வருஷம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். யுஜிசி-யோட 2009 விதிமுறைப்படி, ராகிங் செய்ய மாட்டேன்னு ஒவ்வொரு மாணவரும், அவங்க பெற்றோரும் உறுதிமொழி கொடுக்கணும். 24 மணி நேர உதவி எண் 1800-180-5522. போன்ல சேவ் பண்ணி வச்சுக்கோங்க.

கேட் டைமிங்கும் ஒரு தீர்ப்பும்

எங்க ஹாஸ்டல்ல பொண்ணுங்களுக்கு கேட் 6:30 மணிக்கு மூடும். பசங்க ஹாஸ்டல்ல 9 மணி. லைப்ரரி 8 மணி வரை திறந்திருக்கும். யாருக்காக திறந்து வச்சாங்கன்னு நீங்களே பார்த்துக்கோங்க.

இதுலயும் ரெண்டு வழி இருக்கு. நாலு வருஷமும் புலம்பிக்கிட்டே இருக்கலாம். இல்லேன்னா எழுதிக் கேட்கலாம். இரண்டாம் வருஷம் எங்க வகுப்புல பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, தேதி குறிப்பிட்டு, லைப்ரரி ரிஜிஸ்டர் நேரத்தையும் இணைச்சு லெட்டர் கொடுத்தோம். முதல் தடவை பதிலே இல்ல. ரெண்டாவது லெட்டருக்கு, வாரத்துல ரெண்டு நாள் 8 மணி வரை அனுமதி கிடைச்சுது. கேட்டதுல பாதிகூட இல்லதான். ஆனா எங்களுக்கு அடுத்து வந்த ஜூனியர்கள் அங்கிருந்து மேல கேட்டாங்க.

கேரளாவுல 2019-ல நடந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். கோழிக்கோடு மாவட்டத்துல ஒரு காலேஜோட பெண்கள் விடுதியில சாயங்காலம் 6-லிருந்து 10 மணி வரை போன் பயன்படுத்தக் கூடாதுன்னு விதி. ஒரு மாணவி அதை ஏத்துக்க மறுத்ததால விடுதியை விட்டு நீக்கினாங்க. அவர் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும்னு சொல்லி, அவரைத் திரும்பச் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பு நம்ம ஊர் ஹாஸ்டலைத் தானாகக் கட்டுப்படுத்தாது. ஆனா விதின்னா கேள்வியே கேட்கக் கூடாதுன்னு யாராவது சொன்னா, அப்படி இல்லைன்னு காட்ட இது ஒரு உதாரணம்.

"ஊர்ல எந்தத் தெரு?"

இதைப் பேசாம ஹாஸ்டலைப் பற்றிப் பேச முடியாது. "எந்த ஊரு?"ன்னு கேட்பாங்க. சரி. அடுத்து, "ஊர்ல எந்தத் தெரு?"ன்னு கேட்பாங்க. அந்தக் கேள்வி எங்க போகுதுன்னு கேட்கிறவங்களுக்கும் தெரியும், பதில் சொல்றவங்களுக்கும் தெரியும். அதுக்குப் பதில் சொல்ற கட்டாயம் யாருக்கும் கிடையாது. பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருக்கிறவங்க பேச்சை மாத்திவிட்டாலே பெரிய உதவி. "அது எதுக்குடி உனக்கு"ன்னு கேட்டா இன்னும் நல்லது.

நம்மள்ல பல பேருக்கு, வீட்டுல தனித் தட்டு, தனி டம்ளர்னு பார்த்து வளர்ந்தவங்களுக்கும் சரி, அந்தத் தனி டம்ளரைக் கையில வாங்கியவங்களுக்கும் சரி, ஒரே அறையில தூங்கி ஒரே பாத்திரத்துல சாப்பிடற முதல் இடம் ஹாஸ்டல்தான். காலேஜ் முடிஞ்சு சென்னைக்கோ பெங்களூருக்கோ போனா, மறுபடியும் நம்ம மாதிரி ஆட்களோடதான் வீடு எடுப்போம். இந்த வாய்ப்பு நாலு வருஷம்தான்.

முடியலன்னா

வீட்டு ஞாபகம் வர்றது சகஜம். முதல் மாசம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊருக்கு பஸ் ஏறணும்னு தோணும். முடிஞ்சா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைன்னு வச்சுக்கோங்க. ஹாஸ்டல் பழக்கமாகறதே சனி, ஞாயிறுல, எல்லாரும் துணி துவைக்கிற அந்த மதியத்துலதான்.

ஆனா தூக்கமே வரல, சாப்பிட முடியல, எழுந்து வகுப்புக்குப் போக முடியலன்னு வாரக்கணக்குல இருந்தா அது வெறும் வீட்டு ஞாபகம் இல்ல. டெலி மானஸ் எண் 14416. இலவசம், எந்நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம். எல்லாம் பார்த்த பிறகும் ஹாஸ்டல் ஒத்து வரலன்னா வீட்டுல இருந்து போய்ப் படிக்கிறதுல எந்தத் தோல்வியும் இல்ல.

இந்த ஞாயித்துக்கிழமை அந்தப் பதினஞ்சு நிமிஷப் பேச்சை நடத்திட்டு, என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க. லைட் 11-ஆ 12-ஆன்னு முடிவு பண்றதுக்குள்ள, பக்கத்துக் கட்டில்ல இருக்கிறவங்களைப் பத்தி நீங்க அதுவரை கேட்காத ஏதோ ஒண்ணு உங்களுக்குத் தெரிய வரும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம். மெஸ் மூடறதுக்குள்ள போய்ச் சாப்பிடுங்க.