பட்டதும் படைத்ததும்

(கனகசெட்டிக்குளத்தில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பட்ட துன்பமே ஒருவரை எழுத்தாளராக்குகிறது என்னும் நம்பிக்கை இலக்கியக் கூட்டங்களில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. அதில் பாதிதான் உண்மை. பசியையும் இழிவையும் நோயையும் கண்டவர் எண்ணற்றோர். அவற்றை எழுதியவர் மிகச் சிலர். துன்பம் எழுத்துக்கு மூலப்பொருள் மட்டுமே. அதை யாருடைய பெயரால், எந்த வடிவத்தில், யார் யாரை உடன்வைத்துச் சொல்வது என்று முடிவு செய்யும் இடத்தில்தான் இலக்கியம் தொடங்குகிறது. தன்வரலாறும் சிறுகதையும் வழிபிரிவதும் அவ்விடத்திலேதான்.

தன்னைப் பற்றி எழுதும் பழக்கத்திற்குப் புதுவை மண்ணில் நீண்ட மரபு உண்டு. துய்ப்ளேக்சின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவந்த நாட்குறிப்பு, தமிழ் உரைநடையின் அரிய செல்வம். ஆயினும் அது பதவியும் பொருளும் படைத்த ஒருவரின் ஏடு. அவர் காலத்துக் குடிசைகளில் வாழ்ந்தவர்கள் தம் நாட்களைத் தாமே எழுதிவைக்க வழியில்லை. எழுத்தறிவு அவர்களுக்கு எட்டாதபடி காக்கப்பட்டது. சேரியில் பிறந்தவர் தம் வாழ்க்கையைத் தாமே நூலாக எழுதித் தமிழுலகம் பரவலாகப் படிக்க, அந்நாட்குறிப்புக்குப் பின் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயின.

இதே புதுவையில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த பாரதி, தம் இளமையை இரு வகையாகச் சொல்லிப் பார்த்தார். 1910-இல் வெளிவந்த ‘கனவு’ செய்யுளில் அமைந்த தன்வரலாறு. தந்தையின் தொழில் நொடித்து வறுமை சூழ்ந்ததும், மனம் ஒவ்வாத கல்வியும், கைகூடாத பிள்ளைக் காதலும் அதிலே உள்ளன. அந்நூலையும் ‘ஆறில் ஒரு பங்கு’ என்னும் அவருடைய கதையையும் 1911-இல் ஆங்கில அரசு தடை செய்தது. பின்னர் அவர் எழுதத் தொடங்கி முற்றுப்பெறாமற் போன ‘சின்னச் சங்கரன் கதை’யில், ஜமீன் அரண்மனையைச் சுற்றிவந்த அதே இளமை நகைச்சுவையாக வருகிறது. ‘கனவி’ல் தந்தையின் வீழ்ச்சி மகனின் துயரமாகவே நிற்கிறது. சுப்பிரமணியன் சங்கரன் ஆனதும், அரண்மனையைப் பார்த்தும் தம்மைப் பார்த்தும் பாரதியால் சிரிக்க முடிந்தது. ஒரே வாழ்வு, பெயர் மாறியது, பார்வையும் மாறியது. கதை என்னும் வடிவம் எழுதுகிறவருக்குத் தரும் முதல் விடுதலை இதுவே.

அண்மைக் காலத்தில் இவ்விரு வழிகளிலும் துணிந்து நடந்தவர் பாமா. 1958-இல் விருதுநகர்ப் பகுதியில் பிறந்தவர், ஆசிரியராகப் பணியாற்றியவர், ஏழைப் பிள்ளைகளுக்கு உதவலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்தவர். அங்கும் சாதி இருப்பதைக் கண்டு மடத்தை விட்டு வெளியேறினார். வேலையும் துணையும் இன்றி நின்ற அந்நிலையில் எழுதியதே ‘கருக்கு’. 1992-இல் அது நூலாக வந்தது. பனைமட்டையின் இருபுறமும் அறுக்கும் கூர்மையே நூலின் பெயர்.

அந்நூலின் கட்டமைப்பு கருதத்தக்கது. பிறந்தது முதல் ஆண்டு வரிசையில் அது செல்வதில்லை. உழைப்பு, விளையாட்டு, கோவில், கல்வி என்று பொருள்வாரியாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒருமுறை சொன்ன நிகழ்ச்சி பின்னர் வேறு வெளிச்சத்தில் திரும்பவும் தோன்றுகிறது. தெருவில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் கயிற்றில் பிடித்துத் தூக்கிச் செல்கிறார். சிறுமிக்கு அது வேடிக்கை. சிரிப்பை அடக்க முடியவில்லை. காரணத்தை அண்ணன் சொல்லக் கேட்ட பிறகு அந்தச் சிரிப்பு அவளிடம் மிஞ்சவில்லை. இங்கே அழுகை இல்லை, அறைகூவல் இல்லை. கண்டது முதலில் வருகிறது. அதன் பொருள் பிறகு வருகிறது. குழந்தையின் அறியாமையைப் பெரியவளின் அறிவு கொண்டு முன்கூட்டியே திருத்திவிடாத பொறுமையே அப்பகுதியின் வலிமை.

ஆனால் தன்வரலாற்றுக்கு ஒரு விலை உண்டு. ஒருவர் தம் வாழ்வை எழுதும்போது அவருடைய தாயும் பாட்டியும் தெருவும் ஊரும் சேர்ந்தே எழுதப்படுகின்றன. அவர்கள் யாரும் அதற்கு ஒப்புதல் தந்தவர்கள் அல்லர். ‘கருக்கு’ வெளிவந்ததும் பாமாவின் ஊரார் சினந்தனர். சில மாதங்கள் அவர் தம் ஊருக்குள் செல்ல இயலவில்லை. தங்கள் வறுமையையும் பூசல்களையும் உலகறியச் செய்துவிட்டார் என்பது அவர்கள் மனக்குறை. படித்த இளைஞர்கள் எடுத்துச் சொன்ன பிறகே நூலின் நோக்கம் ஊராருக்கு விளங்கியது. அந்தச் சினத்தை அறியாமை என்று தள்ளிவிடுதல் தகாது. துன்பம் எழுதுகிறவருக்கு மட்டும் உரிய தனிச்சொத்து அன்று என்பதையே அவ்வூர் தன் வழியில் உணர்த்தியது.

1994-இல் ‘சங்கதி’யும் 1996-இல் ‘கிசும்புக்காரன்’ என்னும் சிறுகதைத் தொகுதியும் வந்தன. இவற்றில் ‘தான்’ பின்னுக்குச் சென்று மற்றவர்கள் முன்னே வருகிறார்கள். அவருடைய ‘அண்ணாச்சி’ என்னும் கதையில் ஓர் இளைஞன் மேல்சாதிக்காரரை அண்ணாச்சி என்று உறவு சொல்லி அழைத்துவிடுகிறான். அந்த ஒரு சொல்லே ஊரைக் குலுக்கிவிடுகிறது. தன்வரலாறு காயத்தைக் காட்டியது. சிறுகதை காயம்பட்டவர்களின் குறும்பையும் வாய்ச்சாதுரியத்தையும் காட்டியது. ஒன்று இன்றி மற்றொன்று குறையே.

இவ்வூருக்கு அண்மையிலுள்ள காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே நாடகத் துறையில் பணியாற்றியவர் கே. ஏ. குணசேகரன். இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாடலை ஊர்தோறும் பாடிப் பரப்பிய குரல் அவருடையது. 2005-இல் வெளிவந்த அவருடைய ‘வடு’, சிவகங்கைச் சீமையில் கழிந்த இளமையைச் சொல்கிறது. சாதி கேட்டு ஒதுக்கிய ஊர்களை எழுதிய அதே கை, சாதி கேளாது பழகிய இளையான்குடி முசுலிம் மக்களையும் மறவாது எழுதியது. துன்பத்தை எழுதுகிறவர் அன்பையும் கணக்கில் வைக்க வேண்டும். இல்லையேல் கணக்குப் பொய்யாகிவிடும். 2016-இல் அவர் மறைந்தார். பாடகரின் குரல் ஓய்ந்தது. நூல் சான்றாக நிற்கிறது.

அதே பல்கலைக்கழகத்திற்கு 1989-இல் வருகைதரு பேராசிரியராக வந்து, 2021-இல் மறையும்வரை புதுவையிலேயே வாழ்ந்தவர் கி. ராஜநாராயணன். இளமையில் காசநோயால் வாடியவர். கரிசல் நிலத்து உழவர். அவருடைய ‘கதவு’ சிறுகதையில், வரிப்பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டுக் கதவைக் கழற்றிச் செல்கிறார்கள். அந்தக் கதவில் தொற்றி ஆடி விளையாடிய பிள்ளைகள் பின்னர் அதைக் கண்டு ஓடிப் பற்றிக்கொள்கிறார்கள். வறுமை என்ற சொல்லைக் கொண்டு விளக்க வேண்டிய அனைத்தையும் ஒரு கதவு சொல்லி முடிக்கிறது.

கவிஞர்கள் கூடிய அவை இது. கவிதைக்குப் பழகிய மனம் வலியை உடனே படிமமாக்கிவிட விரும்பும். அங்கே ஆளும் ஊரும் மறைந்துபோகக்கூடும். உரைநடை வேறொன்றைக் கேட்கிறது: கூலி எவ்வளவு, பள்ளிக்கூடம் எத்தனை தொலைவு, எந்தப் பாத்திரம் அடகுக்குப் போனது, அன்று வீட்டில் யார் பேசாதிருந்தார்கள். சொந்தப் பெயரில் நின்று சான்று சொல்ல வேண்டியதைத் தன்வரலாறாக எழுதலாம். பிறரைக் காட்டிக்கொடுக்காமல் சொல்ல முடியாததைச் சிறுகதையாக எழுதலாம். எது எதற்குரியது என்று எடைபோடுவதே எழுதுகிறவரின் அறம்.

2004 டிசம்பர் 26 அன்று இக்கடற்கரையிலும் ஆழிப்பேரலை ஏறியது. இழந்த படகுகளையும் வலைகளையும் அரசு ஏடுகள் எண்ணிவைத்தன. அதன்பின் மீண்டும் கடலுக்குப் போன முதல் நாளில், கரையில் நின்ற பெண்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அதைக் கேட்டு எழுத, அல்லது அவர்களே எழுத வழிசெய்ய, கரையோரத்தில் இயங்கும் ஓர் இலக்கிய வட்டத்தைவிடப் பொருத்தமானவர் யார்? அடுத்த பத்தாண்டின் மலரில் அந்தப் பக்கங்கள் இடம்பெறுமாக.