கேட்டால்தான் பதில் வரும்

(இங்கிலாந்தில் வாழும் நம் குடும்பங்களுக்காக அறக்கட்டளை நடத்திய ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





விடுமுறை நாளில் வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அல்ஹம்துலில்லாஹ். உங்கள் நேரத்தை வீணாக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

நம் அறக்கட்டளைக்கு வருகிறவர்கள் நான்கு விஷயங்களை அடிக்கடி கேட்கிறார்கள். ஏழை நாடுகளுக்குப் பிரிட்டன் கொடுத்துவந்த உதவி ஏன் குறைகிறது? நாம் மலிவாக வாங்கும் உடுப்பைத் தைத்தவருக்குக் கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா? தஞ்சம் கேட்டு வந்தவர்களை ஏன் வேலை செய்ய விடுவதில்லை? நமக்கு இந்த நாட்டில் ஓட்டு உண்டா? இந்த நான்குக்கும் அரசாங்கம் பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில்களை எப்படிப் படிப்பது, அதற்கு மேல் என்ன கேட்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் பதில் எப்படி வருகிறது என்று பார்ப்போம். நம் தொகுதி எம்.பி. ஒரு அமைச்சரிடம் எழுத்தில் கேள்வி கேட்கலாம். அமைச்சரும் எழுத்தில் பதில் தர வேண்டும். அது பாராளுமன்ற இணையதளத்தில் யாரும் படிக்கும்படி வெளியாகும். பிரபுக்கள் சபை உறுப்பினர்களும் இப்படிக் கேட்கலாம். ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் பதில் வரும். பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகவே இருக்கும். "அரசாங்கம் இதில் அக்கறை கொண்டுள்ளதா?" என்று கேட்டால் "ஆம், கொண்டுள்ளது" என்று முடித்துவிடுவார்கள். "எத்தனை பேர், எவ்வளவு பணம், எந்த ஆண்டு?" என்று கேட்டால் எண்ணைச் சொல்ல வேண்டி வரும். கணக்கெடுக்க 850 பவுண்டுக்கு மேல் செலவாகும் என்றால் பதில் தர மறுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. ஆகவே கேள்வி குறுகியதாகவும் குறிப்பானதாகவும் இருக்க வேண்டும்.

இப்போது வெளிநாட்டு உதவிக்கு வருவோம்.

வளர்ந்த நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை ஏழை நாடுகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று 1970இல் ஐக்கிய நாடுகள் சபை சொன்னது. நூறு பவுண்டில் 70 பென்ஸ். பிரிட்டன் 2013இல் அந்த அளவை எட்டியது; 2015இல் அதைச் சட்டமாகவும் ஆக்கியது. பிறகு 2021இல் அது 50 பென்ஸாகக் குறைந்தது. 2025 பிப்ரவரியில், பாதுகாப்புச் செலவுக்காக, 2027இல் 30 பென்ஸாகக் குறைப்போம் என்று பிரதமர் அறிவித்தார். அதை ஏற்காமல் அந்தத் துறையின் அமைச்சர் பதவி விலகினார். நிதி நிலைமை இடம் கொடுக்கும்போது மறுபடியும் 70 பென்ஸுக்குத் திரும்புவோம் என்பதுதான் அரசாங்கங்கள் சொல்லிவரும் பதில். எப்போது இடம் கொடுக்கும்? அதற்குத் தேதி இல்லை.

இதில் இன்னொரு கணக்கையும் நாம் பார்க்க வேண்டும். 2023இல் பிரிட்டன் கொடுத்ததாகக் காட்டிய வெளிநாட்டு உதவி சுமார் 1,530 கோடி பவுண்டு. அதில் சுமார் 430 கோடி பவுண்டு, அதாவது நாலில் ஒரு பங்குக்கும் மேல், இந்த நாட்டுக்குள்ளேயே அகதிகளுக்கும் தஞ்சம் கேட்டவர்களுக்கும் செலவாகியிருக்கிறது. அதில் பெரும் தொகை ஹோட்டல் வாடகைக்குப் போனது. 2024இலும் ஐந்தில் ஒரு பங்கு இப்படியே போனது. இது சட்டத்துக்குப் புறம்பானது அல்ல. அகதி வந்த முதல் பன்னிரண்டு மாதச் செலவை உதவிக் கணக்கில் சேர்க்கலாம் என்று சர்வதேச விதி இருக்கிறது. ஆனாலும் வறட்சியில் தவிக்கும் ஊருக்குப் போகிறது என்று நாம் நினைக்கும் பணம் இங்கே ஒரு ஹோட்டல் முதலாளியின் கணக்கில் சேர்கிறது.

நாம் ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறவர்கள். கொடுத்த பிறகு அது உரியவரைச் சேர்ந்ததா என்றும் விசாரிக்கிறோம். வரிப்பணமும் நாம் கொடுப்பதுதான். ஆகவே "எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்பதோடு நிற்காமல், "அதில் எவ்வளவு இந்த நாட்டை விட்டு வெளியே போனது?" என்றும் கேட்க வேண்டும்.

அடுத்தது நியாய வணிகம்.

2013 ஏப்ரல் 24ஆம் தேதி, பங்களாதேஷில் டாக்கா அருகே சாவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100 பேருக்கு மேல் மாண்டார்கள். மேல்நாட்டுக் கடைகளுக்கு உடுப்புத் தைத்த பெண்கள்தான் அவர்களில் அதிகம். நம்மில் பலருக்குச் சொந்த ஊரோடும் இதில் தொடர்பு உண்டு. தமிழ்நாட்டு நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் இளம் பெண்களை மூன்று ஆண்டு வேலைக்கு வைத்து, கல்யாணச் செலவுக்குக் கடைசியில் மொத்தமாகத் தருகிறோம் என்று சொன்ன கதையை நாம் அறிவோம். விடுதியை விட்டு வெளியே வர முடியாமல், நடுவில் நின்றுவிட்டால் பணமும் கிடைக்காமல் போன பிள்ளைகள் உண்டு. அந்த நூல்தான் பனியனாகி இங்கே வந்து தொங்குகிறது.

அரசாங்கத்தைக் கேட்டால் 2015ஆம் ஆண்டின் நவீன அடிமைத்தனச் சட்டத்தைக் காட்டும். ஆண்டுக்கு 3 கோடியே 60 லட்சம் பவுண்டு அல்லது அதற்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள், தங்களுக்குச் சரக்கு வரும் வழியில் அடிமை வேலை இல்லாமல் இருக்க என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் "நாங்கள் எதுவும் செய்யவில்லை" என்று அறிக்கை எழுதினாலும் அந்தப் பிரிவின்படி கடமை முடிந்துவிடும். அறிக்கையே வெளியிடாத கம்பெனி மீது நீதிமன்றம் போகும் அதிகாரம் உள்துறை அமைச்சருக்கு இருக்கிறது. "சட்டம் இருக்கிறதா?" என்று நாம் கேட்க வேண்டியதில்லை. "அந்த அதிகாரத்தை எத்தனை தடவை பயன்படுத்தினீர்கள்?" என்றுதான் கேட்க வேண்டும்.

மூன்றாவது, தஞ்சம்.

இதைப் பேசும்போது நம் சபையில் சிலருக்கு மனம் கனக்கும். 1990 அக்டோபரில் இலங்கையின் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் முழுவதுமாக விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேர அவகாசம்தான். புத்தளத்துக்கு வந்து கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று நம்மோடு இருக்கிறார்கள். வீடு போனதோடு வாக்காளர் பட்டியலில் எந்த ஊர்க்காரர் என்பதும் பிரச்சினையானது. இடம்பெயர்ந்தவர்களைப் பழைய ஊரிலேயே பதிய வழி செய்ய 2013இல் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. பட்டியலில் பெயர் இல்லாமல் போவது என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கே தஞ்சம் கேட்டுக் காத்திருப்பவரின் நிலை என்ன? அவர் வேலை செய்யக் கூடாது. பன்னிரண்டு மாதம் ஆகியும் முடிவு வராவிட்டால், தாமதம் அவரால் வந்தது அல்ல என்றால், அனுமதி கேட்கலாம். அதுவும் குறிப்பிட்ட பட்டியலில் உள்ள வேலைகளுக்கு மட்டும். 2024இல் நிர்ணயித்த உதவித்தொகை ஒருவருக்கு வாரத்துக்கு 49 பவுண்டு 18 பென்ஸ்; சாப்பாடு தரும் ஹோட்டலில் இருந்தால் பத்து பவுண்டுக்கும் குறைவு. அதில்தான் பஸ் கட்டணம், போன், பிள்ளைக்குச் சப்பாத்து எல்லாம். இதே ஹோட்டலின் வாடகைதான் சற்று முன் சொன்ன உதவிக் கணக்கில் ஏறுகிறது. ஒருவரை வேலை செய்ய விடாமல் உட்காரவைத்து, அந்தச் செலவை இன்னொரு ஏழையின் பங்கிலிருந்து எடுக்கிறார்கள். வேலைக்கு அனுமதித்தால் இன்னும் பலர் வருவார்கள் என்பது அரசாங்கத்தின் பதில். அதற்கு என்ன ஆதாரம் என்று நாகரிகமாகக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

இப்போது நான்காவது விஷயம். மற்ற மூன்றுக்கும் திறவுகோல் இதுதான்.

"எங்களிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லை, எங்களுக்கு ஓட்டு இல்லை" என்று பல குடும்பங்கள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. அப்படி அல்ல. இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். அந்த நாட்டுக் குடிமக்கள் இங்கே வசிக்க எந்த வகை விசா அனுமதி வைத்திருந்தாலும் பதிந்துகொள்ளலாம். மாணவர் விசாவும் வேலை விசாவும் இதில் அடங்கும். கவுன்சில் தேர்தலில் மட்டுமல்ல, பொதுத் தேர்தலிலும் வாக்களிக்கலாம்.

முன்பு வீட்டுக்கு ஒருவர் எல்லார் பெயரையும் எழுதி அனுப்பினார். 2014இலிருந்து ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிய வேண்டும். வாப்பா பதிந்துவிட்டார் என்று உம்மாவும் பிள்ளைகளும் இருந்துவிடக் கூடாது. வீடு மாறினால் மறுபடியும் பதிய வேண்டும். இங்கிலாந்தில் 16 வயதிலேயே பெயரைப் பதிந்துவைக்கலாம். அரசாங்க இணையதளத்தில் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணோடு ஐந்து நிமிட வேலை. அந்த எண் இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம். வேறு ஆவணம் கேட்பார்கள். தேர்தலுக்குப் பன்னிரண்டு வேலை நாள் முன்னதாகப் பதிவு முடிந்துவிடும்.

வாக்குச்சாவடியில் படமுள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும். காமன்வெல்த் நாட்டுப் பாஸ்போர்ட் போதும். காலாவதியானாலும் படம் உங்களைப் போல் இருந்தால் ஏற்பார்கள். எந்த அட்டையும் இல்லாதவர்களுக்கு இலவசமாக வாக்காளர் சான்றிதழ் கிடைக்கும். முகத்திரை அணியும் சகோதரிகள் தனி மறைவில், பெண் ஊழியர் முன் காட்டுகிறோம் என்று கேட்கலாம். தயங்கி வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். முகவரி வெளியே போகுமோ என்று பயப்படுகிறவர்கள், விற்பனைக்கு விடும் திறந்த பட்டியலில் பெயர் வேண்டாம் என்று படிவத்திலேயே சொல்லிவிடலாம்.

யாருக்கு ஓட்டுப் போடுவது என்று இந்த அறக்கட்டளை சொல்லாது. சொல்லவும் கூடாது, அறநிறுவனச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. பதியுங்கள், கேளுங்கள் என்பது மட்டும்தான் நம் வேண்டுகோள்.

எம்.பி.க்குக் கடிதம் எழுதப் பெரிய ஆங்கிலம் தேவையில்லை. உங்கள் பெயர், முழு முகவரி, போஸ்ட்கோடு எழுதுங்கள். முகவரி இல்லாவிட்டால் தங்கள் தொகுதிக்காரர்தானா என்று தெரியாமல் பதில் போடமாட்டார்கள். பிறகு இப்படி மூன்று வரி போதும்: "சென்ற ஆண்டு வெளிநாட்டு உதவியில் எவ்வளவு இந்த நாட்டுக்குள் செலவானது? இந்த ஆண்டு எவ்வளவு ஆகும்? இதை அமைச்சரிடம் எழுத்தில் கேட்டுப் பதிலை எனக்கு அனுப்புங்கள்." ஒரு கடிதத்தில் ஒரு விஷயம் மட்டும். பதில் வந்தால் நம் அறக்கட்டளைக்கும் ஒரு பிரதி கொடுங்கள். சேர்த்துவைத்தால் அடுத்த ஆண்டு சொன்னதையும் செய்ததையும் ஒப்பிடலாம்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். தஞ்சம் கேட்டுக் காத்திருப்பவருக்கு ஓட்டு இல்லை. சாவாரில் மாண்ட பெண்ணுக்கும், உதவி நின்றுபோன கிராமத்துத் தாய்க்கும் இந்தப் பாராளுமன்றத்தில் எம்.பி. இல்லை. நமக்கு இருக்கிறார். அந்த உரிமை நம் கையில் உள்ள ஓர் அமானிதம். அதைப் பூட்டிவைப்பது நியாயமல்ல.

இன்று இரவு வீட்டில் சாப்பிட்டு முடித்ததும், பதினாறு வயதுக்கு மேற்பட்ட எல்லாருடைய பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாத பெரியவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உதவுங்கள். எங்கள் அலுவலகத்துக்கு வந்தாலும் கூட இருந்து பதிந்து தருகிறோம்.

அல்லாஹ் நம் எல்லோருடைய முயற்சிகளையும் ஏற்றுக்கொள்வானாக.