மண்புழுவுக்குக் கவசம் மக்கு
(கூடுவாஞ்சேரி வட்டார உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



‘நானோ’ என்ற சொல் இப்போது உரக்கடைகளில் அடிக்கடி காதில் விழுகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் பருமன் உள்ளவை நானோ துகள்கள். இஃப்கோ நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் நானோ துத்தநாகத்தையும் நானோ தாமிரத்தையும் வயல் ஆய்வுக்கு அறிமுகம் செய்தது. இவற்றை இலைவழியாகத் தெளிக்கும்போது நிலத்தில் சேரும் அளவு குறைவே. ஆனால் உலோகம் மக்கி மறையும் பொருளன்று. நகரக் கழிவிலிருந்து வரும் உலோகத்தோடு சேர்ந்து அது மண்ணிலேயே தங்கிவிடும்.

இதனால் மண்புழுவுக்கு என்ன கேடு? மண்புழு ஈரத்தோலால் சுவாசிக்கிறது. மண்ணையே தின்று வாழ்கிறது. துகளிலிருந்து கரைந்து வரும் உலோக அயனியும், சில வேளை துகளுமே, தோல் வழியாகவும் குடல் வழியாகவும் உடலில் சேர்கின்றன. புழு உடனே சாவதில்லை. அதைக் கொல்லும் அளவைவிடக் குறைந்த அளவிலேயே முட்டைக் கூடுகளும் குஞ்சுகளும் குறையத் தொடங்கும். எனவே செத்த புழு கண்ணில் படவில்லை என்பதால் கேடில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

இங்கேதான் அங்ககப் பொருளின் அருமை தெரிகிறது. மக்கின் எதிர்மின்னூட்டம் உலோக அயனியை ஈர்த்துப் பிடித்துக்கொள்கிறது. துகளின் மீதும் மக்கு உறைபோலப் படிகிறது. புழுவுக்கு எட்டும் நஞ்சு குறைகிறது. வெள்ளி நானோ துகள் பற்றி 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், புழு உடலில் சேர்ந்த வெள்ளியின் அளவைத் துகளின் பருமனைவிட மண்ணின் வகையே அதிகம் தீர்மானித்தது.

இனி நம் நிலத்துக்கு வருவோம். பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனம் 1984-இல் வகுத்த மண்புழுச் சோதனை முறையில், சோதனை மண்ணில் நூற்றுக்கு 10 பங்கு மக்கிய கரி, 20 பங்கு களி, 70 பங்கு மணல். நம் மண் பரிசோதனையில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் ‘குறைவு’ என்கிறோம். 0.5 சதவீதக் கரிமம் என்பது ஏறத்தாழ 0.86 சதவீத அங்ககப் பொருள்தான். பத்துப் பங்கு மக்குள்ள மண்ணில் புழு பிழைத்தது என்ற சோதனை முடிவு, ஒரு பங்குகூட இல்லாத மாமல்லபுரம் கரையோர மணற்பாங்கு நிலத்துக்கு உறுதி அளிக்காது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியவை:

முதலாவது, மண் பரிசோதனையில் பற்றாக்குறை தெரிந்தால் மட்டுமே துத்தநாகமோ தாமிரமோ இடுங்கள். பரிந்துரைத்த அளவை மீற வேண்டாம்.

இரண்டாவது, நெல் வயலுக்கு ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இடுங்கள். எரு கிடைக்காவிடில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். மணற்பாங்கான நிலத்துக்கு ஏரி வண்டலும் நல்லது. அதிலுள்ள களியும் உலோகத்தைப் பிடித்துவைக்கும்.

மூன்றாவது, நகரக் குப்பை உரம் வாங்கும்போது பரிசோதனைச் சான்று கேளுங்கள். 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, ஒரு கிலோ நகரக் குப்பை உரத்தில் துத்தநாகம் 1000 மில்லிகிராமுக்கும் தாமிரம் 300 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கலாகாது.

நான்காவது, ஆண்டுதோறும் மழைக்குப் பின் தோட்டக்காலில் ஒரே இடத்தருகே ஓரடி நீள, அகல, ஆழத்துக்கு மண்ணைத் தோண்டிப் புழுக்களை எண்ணிக் குறித்து வையுங்கள். எண்ணிக்கை தொடர்ந்து குறைந்தால் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி ஆலோசனை பெறுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். மக்கு உலோகத்தைக் கட்டிவைக்கிறதே தவிர அழிப்பதில்லை. மக்கு சிதைந்து குறைந்தால் கட்டு அவிழும். எனவே ஒருமுறை எரு இட்டால் போதும் என்றிராமல், ஆண்டுதோறும் இட்டு வாருங்கள்.