நூலகத்துச் சாவி யாரிடம்?

(சிதம்பரத்தில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



உள்ளாட்சித் தேர்தல் வந்தால் நாம் கேட்பது தெருவிளக்கு, குடிதண்ணீர், சுடுகாட்டுப் பாதை. கேட்க வேண்டியதுதான். விளையாட்டு, பண்பாடு என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஓட்டுக் கேட்டு வந்தவங்க எங்க தெருப் பசங்களுக்கு ஒரு கேரம் போர்டும் வாலிபால் நெட்டும் கொடுத்துட்டுப் போனாங்க. அதோட முடிஞ்சுபோச்சு.

73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பதினோராவது அட்டவணையில் 29 இனங்கள். 20ஆவது நூலகம், 21ஆவது பண்பாட்டு நடவடிக்கைகள். மாநில அரசு இவற்றை ஊராட்சிகளிடம் ஒப்படைக்கலாம். ஒப்படைக்க 'லாம்', அவ்வளவுதான்!

2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கிராம ஊராட்சிகளில் நூலகமும் விளையாட்டுத் திடலும் அமைத்தார்கள். எந்தப் பக்கம் அமைத்தார்கள்? உங்க ஊரை நினைச்சுப் பாருங்க. வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி. அதைச் சேரியும்தான் கட்டுது. ஊர்த் தெரு வழியா நடந்துபோய் உட்கார்ந்து பேப்பர் படிக்க நம்ம வீட்டுப் பெண்பிள்ளையால முடியுதா? 'ஊர்' என்ற சொல்லுக்குள்ளேயே சேரி இல்லாதபோது ஊர்ப்பொது என்பது யாருக்குப் பொது?

திருவிழாவும் அப்படித்தான். ஊராட்சி தெருவைச் சுத்தம் செய்யுது, விளக்குப் போடுது. கூட்டுகிறவர் நம்ம ஆள், பல ஊர்களில் பறை அடிக்கிறவரும் நம்ம ஆள். தேர் மட்டும் சேரிக்கு வராது.

தனி ஊராட்சி கிடைத்தால் சரியாகிவிடும் என்பவர்களுக்குத் தெற்குத் திட்டையைக் காட்டுகிறேன். இங்கிருந்து தூரமில்லை, புவனகிரி பக்கம். 2020இல் ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலைவரான தலித் பெண் தரையில் உட்கார்ந்திருந்த படம் வெளிவந்தது. கொடியேற்றவும் தன்னை விடவில்லை என்றார் அவர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிந்தார்கள். நாற்காலியே கிடைக்காதவர் திடலுக்கு எப்படி இடம் குறிப்பார்?

அந்தத் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. அடுத்த தேர்தலில் வருகிறவர்களிடம் கேரம் போர்டு வாங்காதீர்கள். திடல் எந்தப் புல எண்ணில், வாசிப்பகம் எந்தத் தெருவில் என்று எழுதிக் கேளுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் அதையே தீர்மானமாகக் கொடுங்கள். 'அப்புறம் பாக்கலாம்'னு சொல்வாங்க. தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை கையெழுத்துப் போடாமல் உட்காருங்கள்.

முதலில் ஒரு வேலை. இந்த வாரம் ஊருக்குப் போகிறவர்கள் நூலகம் திறந்திருக்கிறதா, சாவி யார் வீட்டில் தொங்குகிறது என்று விசாரித்து எழுதிக்கொண்டு வாருங்கள்.