மேமோகிராம் ரிப்போர்ட்டில் ஒரு எழுத்து

(மேடவாக்கத்தில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வசூல் எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போ கொஞ்ச நேரம் நம்ம உடம்பைப் பத்திப் பேசுவோம். நம்ம உறுப்பினர் ஒருத்தர் முகாமில் மேமோகிராம் எடுத்துவிட்டு ரிப்போர்ட்டோடு என்னிடம் வந்தாங்க. அதில் "மார்பகம் அடர்த்தியாக உள்ளது" என்று இருந்தது. "அடர்த்தின்னா கட்டியாம்மா? எனக்கு கேன்சரா?" என்று கேட்டாங்க. இரண்டு நாளா சாப்பிடலையாம். இந்தக் கேள்வி பலருக்கும் இருக்கும். அதனால் எல்லாருக்குமே சொல்கிறேன்.

அடர்த்தி என்பது கட்டியும் இல்லை, நோயும் இல்லை. மார்பகத்தில் கொழுப்பு இருக்கு, பால் சுரப்பி இருக்கு, அதைப் பிடித்து வைத்திருக்கும் நார்த் திசு இருக்கு. சுரப்பியும் நாரும் அதிகமாக, கொழுப்பு குறைவாக இருந்தால் அதுதான் அடர்த்தி. இளம் வயதிலும் ஒல்லியான உடம்பிலும் இது அதிகம். மாதவிலக்கு நின்ற பிறகு பெரும்பாலும் குறையும். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரலாம். தொட்டுப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. பெரிசா சிறிசா, கெட்டியா தளர்ச்சியா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மேமோகிராம் படத்தில்தான் தெரியும்.

அப்போ ஏன் எழுதுறாங்க? இரண்டு காரணம். முறத்தில் கருப்பு உளுந்தைப் போட்டுப் பாருங்க. வெள்ளைக் கல் ஒன்று இருந்தால் உடனே கண்ணில் படும். அதே கல் பச்சரிசியில் கிடந்தால்? சோறு வாயில் போன பிறகு பல்லில்தான் தெரியும். மேமோகிராம் படத்தில் கொழுப்பு கருப்பா தெரியும். சுரப்பியும் நாரும் வெள்ளை. புற்றுக்கட்டியும் வெள்ளை. அடர்த்தி அதிகமானால் கட்டி அதற்குள்ளே ஒளிந்துகொள்ளும். படம் நார்மல் என்று வரும்.

இரண்டாவது காரணம், அடர்த்தி அதிகம் உள்ளவர்களுக்கு புற்றுநோய் வரும் வாய்ப்பும் கொஞ்சம் அதிகம். ரிப்போர்ட்டில் ஏ, பி, சி, டி என்று நாலு எழுத்தில் ஒன்று இருக்கும். ஏ என்றால் பெரும்பாலும் கொழுப்பு, டி என்றால் மிக அதிக அடர்த்தி. ஏ-யோடு டி-யை வைத்துப் பார்த்தால் ஆபத்து 4 முதல் 6 மடங்கு என்று சொல்வார்கள். இதைக் கேட்டுத்தான் பலர் பயந்துபோகிறார்கள். ஆனால் அமெரிக்காவில் 40 வயது தாண்டிய பெண்களில் ஏ-யில் 10 பேருக்கு ஒருவர், டி-யில் 10 பேருக்கு ஒருவர்தான். மீதி எல்லாரும் நடுவில். சராசரிப் பெண்ணோடு ஒப்பிட்டால் டி-க்கு ஏறக்குறைய 2 மடங்கு. வட்டிக் கணக்கு போடுகிற நமக்கு இது புரியும்: சின்னத் தொகையின் இரண்டு மடங்கும் சின்னத் தொகைதான். டி வந்த பெண்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை. அந்த எழுத்துக்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். சந்தேகப்படும்படி ஏதாவது தெரிகிறதா என்று சொல்வது அந்த எண்தான். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் டாக்டரிடம் தனித்தனியாகக் கேளுங்கள்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் நான்சி கப்பெல்லோ என்று ஒரு அம்மா. வருஷம் தவறாமல் மேமோகிராம் எடுத்தவர். நார்மல் என்று ரிப்போர்ட் வந்த சில வாரங்களிலேயே டாக்டர் கையால் தொட்டுப் பார்த்து சந்தேகப்பட்டார். 2004-இல் முற்றிய நிலையில் புற்றுநோய் தெரிந்தது. "என் மார்பகம் அடர்த்தி என்று ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டுப் போராடினார். 2009-இல் அந்த மாநிலத்தில் சட்டம் வந்தது. அவர் 2018-இல் இறந்துபோனார். 2024 செப்டம்பர் முதல் அமெரிக்கா முழுக்க அடர்த்தியைப் பெண்ணுக்கு எழுத்தில் சொல்லியாக வேண்டும். இங்கே நாம்தான் வாய் திறந்து கேட்கணும்.

நமக்கு இது ஏன் முக்கியம் என்றால், நம்ம நாட்டில் மார்பகப் புற்றுநோய் மேல்நாட்டை விட இளம் வயதிலேயே நிறையப் பேருக்கு வருகிறது. இளம் வயது என்றாலே அடர்த்தி. அதனால் மேமோகிராமை மட்டும் நம்பி இருக்க முடியாது. மும்பையில் டாட்டா மருத்துவமனை 1998-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. 35 முதல் 64 வயது வரை, குடிசைப் பகுதிகளில் ஒரு லட்சத்து 51 ஆயிரம் பெண்கள். பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கையால் பரிசோதித்தார்கள். மெஷின் இல்லை. 20 வருஷக் கணக்கு 2021-இல் வெளிவந்தது. பரிசோதித்த பெண்களுக்கு நோய் முன்கூட்டிய நிலையிலேயே தெரிந்தது. 50 வயது தாண்டியவர்களில் சாவு சுமார் 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழே சாவு குறைந்ததாகத் தெரியவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லணும். நம்மைப் போன்ற பெண்களே செய்த வேலை என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தக் கைப் பரிசோதனை இலவசம். நர்ஸ்தான் பார்ப்பாங்க, கூச்சம் வேண்டாம். மார்பிலோ அக்குளிலோ வலியில்லாத கட்டி, தோல் குழி விழுவது, காம்பு உள்ளே இழுப்பது, காம்பில் ரத்தம் கசிவது, இதில் ஒன்று இருந்தாலும் "போன மாசம்தான் நார்மல்னு ரிப்போர்ட் வந்துச்சு" என்று வீட்டில் உட்காராதீங்க. கையில் கட்டி தட்டுப்பட்டால் மேமோகிராம் நார்மல் என்பதோடு விஷயம் முடியாது. மார்பக ஸ்கேன் எடுக்கணும், தேவைப்பட்டால் ஊசியால் சதை எடுத்துப் பார்க்கணும். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று நம்ம ஊரில் சொல்கிறார்கள். அது தப்பு. பெரும்பாலான கட்டிகள் புற்றே இல்லை என்றும் அந்த ஊசிதான் சொல்லும்.

சிகிச்சைக்கு எங்கே போவது என்று பயப்பட வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கு. ராயப்பேட்டை அரசு மருத்துவமனையும் இருக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுக்காதவர்கள் இப்போதே எடுத்து வையுங்கள்.

பழைய மேமோகிராம் ரிப்போர்ட் வீட்டில் யாரிடமாவது இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். என்ன எழுத்து, என்ன எண் என்று சேர்ந்து பார்ப்போம். கேள்விகளை எழுதிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு நானே உங்களோடு வருகிறேன்.