நாற்காலியும் நியமனக் கடிதமும்

தீபாவளி நெருங்கிவிட்டால் பேராவூரணி துணிக்கடைகளில் கூட்டம் நெரியும். சேதுபாவாசத்திரம் பக்கமிருந்தும் ஆவணம் பக்கமிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். புடவை எடுக்க வந்தவர்கள் உட்கார இருக்கை உண்டு. “அந்த மயில்கழுத்துக் கலரை எடும்மா, அதுக்குக் கீழே இருக்கிறதையும் காட்டு” என்று கேட்கக் கேட்கப் பிரித்துப் போட்டு, வேண்டாம் என்றதும் மடித்து அடுக்குகிற பெண்ணுக்கு? கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை நின்றபடிதான். இப்படியே சில வருஷம் ஓடினால் கெண்டைக்கால் நரம்பு சுருட்டிக்கொள்ளும்.

அந்தப் பெண்ணுக்கு உட்காரும் உரிமையைச் சட்டம் கொடுத்திருக்கிறது. 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் ஒரு திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். அதன்படி 1947-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ஊழியர் அனைவருக்கும் இருக்கை போட்டிருக்க வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம்.

இதில் நமக்கு முன்னே போனது கேரளம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல் தொழிலாளி, கடைப் பெண்களைத் திரட்டிப் ‘பெண்கூட்டு’ அமைப்பைத் தொடங்கினார். முதலில் கேட்டது கழிப்பறை. பிறகு நாற்காலி. 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது.

கேட்டு வாங்கியது இது என்றால், எதிர்த்துத் தடுத்ததும் உண்டு. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. அது திரும்பப் பெறப்பட்டதை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மே தினத்தன்று அறிவித்தார்.

அடுத்த பெரிய மாற்றம் டெல்லியிலிருந்து வந்தது. 29 மத்தியச் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்பு கட்டாயம். ஆள்குறைப்புக்கு அரசின் அனுமதி தேவைப்படும் வரம்பு, 100 தொழிலாளரிலிருந்து 300-ஆக உயர்ந்துவிட்டது. இவற்றைத் தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்க்கின்றன.

கடை ஊழியருக்குக் கைகொடுக்கும் அம்சங்களும் இந்தத் தொகுப்புகளில் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். வேலையை விட்டு நின்றாலும் நிறுத்தப்பட்டாலும் பாக்கிச் சம்பளத்தை இரண்டே வேலை நாளில் தீர்க்க வேண்டும். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவருக்கு ஒரு வருஷம் முடிந்தாலே பணிக்கொடை உண்டு; நிரந்தர ஊழியருக்குப் பழையபடி ஐந்து வருஷம். கணக்கு எளிது: மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும். 13,000 ரூபாய் வாங்குபவருக்கு வருஷத்துக்கு 7,500 ரூபாய்.

கல்லணைக் கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டாலும் பேராவூரணிக் கடைமடைக்கு அது தானாக வந்துவிடுவதில்லை. விவசாயிகள் குரல் கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். சட்டமும் அப்படித்தான். சம்பளம் எவ்வளவு, சேர்ந்த தேதி எது என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாத ஊழியர், நாளைக்கு எந்த அதிகாரியிடம் போய் எதைக் காட்டுவார்?

ஆகவே கடை ஊழியர்களே, முதலில் நியமனக் கடிதத்தைக் கேளுங்கள். சம்பளம் வங்கியில் வந்தால் பாஸ்புக்கையும், கையில் வந்தால் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். கடிதம் தர மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் நாலு பேர் சேர்ந்து போங்கள். கடை முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை: பத்து முக்காலி வாங்கிப் போடுவது பெரிய செலவில்லை. இந்தத் தீபாவளிக்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.