தேவகியைத் தேடி ஒரு பயணம்



கண்ணனுக்குத் தாய்மார் இருவர். வளர்த்த யசோதையாகத் தம்மைப் பாவித்துப் பாடியவர் பெரியாழ்வார். பெற்றும் தாலாட்டக் கிடைக்காத தேவகியின் புலம்பலைப் பாடியவர் குலசேகராழ்வார். பெருமாள் திருமொழியில் அந்தப் புலம்பலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நாட்பயணம் நினைவுக்கு வருகிறது.

2018 ஒக்டோபர் மாதம். நெதர்லாந்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. எழுபது வயதைத் தாண்டிய கணவன், மனைவி. 1985இல் அவர்கள் இங்கிருந்து தத்தெடுத்துச் சென்ற மகள். அவளுடைய ஆறு வயது மகன். கைக்குழந்தையாக அவள் இருந்த மலைநாட்டுச் சிறுவர் இல்லத்தைப் பார்க்க வேண்டும். அங்கே பேசுவதற்குத் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும். நண்பர் ஒருவர் என்னை அனுப்பிவைத்தார்.

காலை ஆறு மணிக்குக் கொழும்பிலிருந்து வானில் புறப்பட்டோம். அவிசாவளை வரை குறையொன்றுமில்லை. கித்துல்கலையைக் கடந்ததும் வளைவுகள் தொடங்கின. பையன் வாந்தியெடுக்கத் தொடங்கினான். மூன்று தடவை வானை நிறுத்தினோம். கினிகத்தேனைக்கு அப்பால் மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. இரண்டு மணித்தியாலம் ஒரு தேநீர்க்கடையில் ஒதுங்கி நின்றோம். பையனுக்கு இஞ்சித் தேநீர் கொடுத்த கடைக்கார அம்மா, அவனுடைய தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, "எந்தத் தோட்டம் மகள்?" என்று கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். "அதைத்தான் தேடி வந்திருக்கிறேன்" என்றாள் அவள்.

இல்லத்தை அடையும்போது பிற்பகல் மூன்று மணி. வயதான கன்னியாஸ்திரி ஒருவர் பழைய பதிவேட்டை எடுத்துவந்தார். வளர்ப்புத் தாய் தம்மிடமிருந்த நீதிமன்றப் பத்திரத்தை அதனருகில் வைத்தார். பெற்ற தாயின் பெயர் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. மகளின் முகம் மலர்ந்தது. கன்னியாஸ்திரியோ பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இதை நீங்க எப்படிச் சொல்லுவீங்களோ தெரியாது. இதே பெயர், இதே கையெழுத்து, அந்த வருசத்தில நாலு பிள்ளைகளுக்குத் தாயென்று இருக்குது."

மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பதிவேட்டில் ஏதோ குழப்பம் என்று சொல்லி முடித்துவிடலாமா என்று ஒரு கணம் எண்ணினேன். மகள் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தாள். "அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள்" என்றாள். சொன்னேன்.

நெடுநேரம் எவரும் பேசவில்லை. பிறகு வளர்ப்புத் தாய் சொன்னார்: "நீதிமன்றத்தில் அந்தப் பெண் குழந்தையின் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் குழந்தை வேண்டியிருந்தது; அதனால் கேட்கவில்லை." மகள் அவருடைய கையைப் பற்றவுமில்லை, விலக்கவுமில்லை.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற குழந்தைகள் 11,000 அளவில் இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. 1973 முதல் 1997 வரை சுவிற்சர்லாந்துக்கு மாத்திரம் 881 பேர். கூலிக்குத் தாயாக நடித்த பெண்கள் இருந்தார்கள் என்பது 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றால் பரவலாகத் தெரியவந்தது. விசாரணைக் குழுவொன்றின் அறிக்கையையடுத்து, 2021 பெப்ரவரியில் அந்நாட்டு அரசாங்கம் மன்னிப்புக் கேட்டு, வெளிநாட்டுத் தத்தெடுப்பை இடைநிறுத்தியது.

இந்தக் கணக்குகளில் அகப்படாத ஒருத்தி இருக்கிறாள். உண்மையில் பெற்றவள். அவளாகவே கொடுத்தாளா, ஏமாற்றப்பட்டாளா, பிள்ளை இறந்துவிட்டதென்று சொல்லப்பட்டாளா? பொய்ப் பெயர் ஒன்று அவளுடைய இடத்தில் எழுதப்பட்டபோது, அவளுடைய புலம்பலும் அழிக்கப்பட்டுவிட்டது. தேவகிக்குக் குலசேகரர் கிடைத்தார். இவளுக்குப் பதிவேட்டில் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

திரும்பும் வழியில் பையன் பாட்டியின் மடியில் உறங்கிப்போனான். அதே தேநீர்க்கடையைக் கடந்தபோது மகள் வானை நிறுத்தச் சொன்னாள். இறங்கிச் சென்று, "எந்தத் தோட்டம் மகள்?" என்ற அந்தக் கேள்வியைத் தமிழில் எப்படிச் சொல்வதென்று என்னிடம் கேட்டுக் கேட்டு, கடைக்கார அம்மாவின் முன்னால் நின்று சொல்லிப் பழகினாள். அவளுடைய தாய்மொழியாக இருந்திருக்கக்கூடிய மொழியில் அவள் கற்றுக்கொண்ட முதல் வாக்கியம் அது.

ஊர் திரும்பியபின் மரபணுப் பரிசோதனைக்கு உமிழ்நீர் கொடுத்தாள். பொருத்தம் கிடைத்ததாக இன்னும் எனக்குச் செய்தி வரவில்லை.